வண்டி காட்டு வாசல் வரைக்கும்தான்!

எங்கள் வகுப்பில் பத்து நாளாக ஒரே பேச்சு. நண்பன் ஒருவன் பழைய ஜிப்சி வாங்கப் போகிறான். வாங்கி, புதுப்பேட்டையில் விட்டு அதைக் 'காட்டு வண்டி'யாக மாற்றப் போகிறானாம். அப்புறம் முதுமலை, சத்தியமங்கலம், டாப்ஸ்லிப் என்று ஒவ்வொரு காட்டையும் ஒரு கை பார்ப்பதாகத் திட்டம். அவன் நோட்டில் எழுதி வைத்திருக்கும் பட்டியல் இதுதான்: முன்னால் கனமான இரும்பு பம்பர், கூரை மேல் வரிசையாக எல்.இ.டி. விளக்கு, கையால் திருப்பக்கூடிய ஒரு சர்ச் லைட், அகலமான பெரிய டயர், வின்ச், திறந்த கூரை, பின்னால் நின்றபடி வருவதற்குப் பிடிகம்பி.

பட்டியலை என்னிடம் காட்டி, "மச்சி, இதுல வேற என்ன சேக்கலாம்?" என்று கேட்டான்.

"சேக்கறத விடுடா, எதையெல்லாம் கழட்டலாம்னு யோசி" என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. கூட இருந்தவர்கள், "இவன் எல்லாத்துக்கும் இப்படித்தான்" என்று சிரித்தார்கள். இடைவேளையில் ஐந்து நிமிடத்தில் விளக்கி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

இது யாருடைய பட்டியல்?

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். புதருக்குள் புகுந்து போக பம்பர். இருட்டில் விலங்கின் கண்ணைத் தேட விளக்கு. நின்றபடி குறிபார்க்கத் திறந்த கூரை. கீழே விழாமல் இருக்கப் பிடிகம்பி. துப்பாக்கி ஒன்றுதான் பாக்கி! அது வேட்டை வண்டிக்கான பட்டியல். துப்பாக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேமராவை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த வண்டிக்கு நம் நாட்டில் பெரிய பாரம்பரியமே உண்டு. ராஜஸ்தானில் கோட்டா சமஸ்தானத்து மகாராஜா இரண்டாம் உமேத் சிங்குக்காக 1925ல் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் தயாரானது. உடல் கட்டியது லண்டனின் பார்க்கர் நிறுவனம். புலி வேட்டைக்கென்றே செய்த கார் அது. பெரிய பெரிய சர்ச் லைட்டுகள், துப்பாக்கிகளை அடுக்கி வைக்கத் தாங்கி, பின்னால் இழுத்துப் போகிற சிறு வண்டியில் இயந்திரத் துப்பாக்கி கூட! ஒரு புலிக்கு எதிராக இவ்வளவும். இதற்குப் பெயர் வீரம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.

ஆனால் ரோல்ஸ் ராய்ஸ் ராஜாக்களிடம் மட்டும்தான் இருந்தது. நிலைமையைத் தலைகீழாக மாற்றியது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் ராணுவத்துக்குத் தேவைப்படாத ஜீப்புகள் மலிவாக வெளியே வந்தன. 1945ல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனமும் 1940களின் முடிவுக்குள் பம்பாயில் ஜீப் பூட்ட ஆரம்பித்துவிட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சாலையே வேண்டாம். வயல், ஆற்று மணல், புல்வெளி என எங்கும் போகும். அதுவரை மாட்டு வண்டியிலும் யானை மேலும் நாள் கணக்கில் போய்ச் சேர்ந்த இடங்களுக்கு, இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி, விடிவதற்குள் வேட்டையாடித் திரும்பிவிடலாம்.

கூடவே விளக்கு. இதில் ஒரு சின்ன அறிவியல் இருக்கிறது. மான், சிறுத்தை மாதிரி இரவில் நடமாடும் விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. மங்கிய வெளிச்சத்திலும் அவற்றுக்குக் கண் தெரிவது அதனால்தான். நாம் லைட் அடித்தால் அவற்றின் கண்கள் பளிச்சென்று மின்னுவதும் அதனால்தான். அந்தக் கடும் வெளிச்சத்தில் மான் திகைத்து அப்படியே நின்றுவிடும். இருட்டில் பிழைப்பதற்காக இயற்கை கொடுத்த கண்ணே அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. சுடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

மூன்று சிவிங்கிப்புலிகள்

இதற்கு நாம் கொடுத்த விலைக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் கொரியா என்ற சமஸ்தானம். அதன் மகாராஜா ராமானுஜ் பிரதாப் சிங் தேவ், 1947 வாக்கில் ஓர் இரவு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். மூன்றும் ஆண். ஒன்றாகத் திரிந்த சகோதரர்கள் என்று கருதப்படுகிறது. அவற்றைக் கிடத்தி எடுத்த படமும் செய்தியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. இந்தியாவின் கடைசி சிவிங்கிப்புலிகள் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது அவற்றைத்தான். 1952ல் அந்த இனம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள்.

நியாயமாகச் சொன்னால், சிவிங்கிப்புலியை அந்த ஒரு வண்டி அழிக்கவில்லை. புல்வெளிகள் வயலாகின. மான் வேட்டைக்குப் பழக்குவதற்காக நூற்றாண்டுக் கணக்கில் குட்டிகளையும் தாய்களையும் பிடித்துக் கொண்டு போனார்கள். இனம் ஏற்கெனவே கடைசி மூச்சில் இருந்தது. ஆனால் தரையில் மிக வேகமாக ஓடும் விலங்கு எது என்றால் எல்.கே.ஜி. குழந்தையும் சிவிங்கிப்புலி என்று சொல்லும். அதன் கதை நம் நாட்டில் முடிந்தது ஒரு வண்டியின் முன்னால் என்பதை நினைத்தால் எனக்கு என்னமோ செய்கிறது. 2022 செப்டம்பரில் நமீபியாவில் இருந்து எட்டு சிவிங்கிப்புலிகளை விமானத்தில் கொண்டு வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டோம். ஓரிரவில் சுட்டதைத் திரும்பப் பெற 75 வருடமும் ஒரு விமானமும் தேவைப்பட்டன.

மானமுள்ள வேட்டைக்காரன் வண்டியை விட்டு இறங்குவான்

இங்கேதான் எனக்கு ஒரு சுவாரசியமான விஷயம் தெரிய வந்தது. வேட்டையை ஆதரித்தவர்களிலேயே ஒரு பகுதியினருக்கு வண்டி வேட்டை பிடிக்கவில்லை!

கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெங்களூரில் வாழ்ந்தவர். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்ட கதைகளை எழுதியவர். அவர் கதைகளில் வருவது பெரும்பாலும் நம் பக்கத்துக் காடுகள்தான். ஓசூர், ஜவளகிரி, பென்னாகரம், மசினகுடிக்குக் கீழே இருக்கும் சீகூர். அவரிடம் ஒரு ஸ்டூடிபேக்கர் கார் இருந்தது. அவர் எழுதியதைப் படித்தால் அந்தக் கார் என்ன வேலை செய்தது என்பது தெளிவாகத் தெரியும். அது அவரைப் பயணியர் விடுதி வரையோ, காட்டோரக் கிராமம் வரையோ கொண்டு போய் விடும். அதற்கப்புறம் நடைதான். கால்தடம் பார்த்தல், ஊர்க்காரர்களிடம் விசாரித்தல், பரண் கட்டி ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் உட்கார்ந்திருத்தல். அந்தக் கதைகளில் உயிர் இருப்பதே புலிக்கும் அவருக்கும் நடுவில் தகரக் கதவு எதுவும் இல்லாததால்தான்.

அமெரிக்காவில் வேட்டை இன்றும் சட்டப்படி நடக்கிறது. லைசென்ஸ், பருவம், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அங்கே பிக்கப் லாரியை வேட்டைப் பயணத்துக்கு எப்படித் தயார் செய்வது என்பதே ஒரு தனிக் கலை. பின்னால் படுக்கை, ஐஸ் பெட்டி, தண்ணீர் டாங்க் என்று என்னென்னவோ. ஆனால் அதே அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வண்டியில் இருந்தபடி சுடுவது குற்றம். தியோடர் ரூஸ்வெல்ட் 1887ல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் 'நேர்மையான துரத்தல்' என்ற ஒரு கொள்கையையே வைத்திருக்கிறது. விலங்குக்குத் தப்பிக்க ஒரு நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அவர்களுக்கும் வண்டி என்பது காட்டின் வாசல் வரைக்கும்தான்.

ஆக, கொல்லப் போகிறவர்களே வண்டியை விட்டு இறங்கினார்கள். 'நான் போட்டோ எடுக்கத்தான் போறேன்' என்று சொல்லும் நாம் மட்டும் இறங்க மாட்டோம் என்றால் என்ன நியாயம்?

போட்டோ எடுக்க வண்டியே மூலதனம் என்று நினைப்பவர்களுக்கு மா. கிருஷ்ணனை ஞாபகப்படுத்துகிறேன் (1912–1996, எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன்). தமிழ்நாடு தந்த மிகப் பெரிய காட்டுயிர் எழுத்தாளர், புகைப்படக் கலைஞர். காட்டு யானைகளையும் காட்டெருமைகளையும் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களை இன்று பார்த்தாலும் பிரமிப்பாக இருக்கும். பெரும்பாலும் நடந்தும், வனத்துறையின் பழக்கிய யானை மேல் அமர்ந்தும் எடுத்தவை அவை. எல்.இ.டி. வரிசை விளக்கு அவரிடம் இல்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

பலர், "வேட்டைன்னா சுட்டுக் கொல்றது. நாம அதைச் செய்யலையே" என்கிறார்கள். 1972ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, கண்ணி வைப்பது ஆகியவற்றோடு, விரட்டுவதும் இரை வைத்து இழுப்பதும் வருகின்றன. அதற்கு முயற்சி செய்வதும் வேட்டைதான். வண்டியை விட்டு மானை ஓட ஓட விரட்டி வீடியோ எடுப்பவர் தன்னைப் புகைப்படக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டம் அவரை வேறு பெயரில் கூப்பிட வாய்ப்பு இருக்கிறது.

இன்னொரு சங்கதி. 1972ல் சட்டம் வந்தபோது வேட்டை முழுக்கத் தடை செய்யப்படவில்லை. லைசென்ஸ் வாங்கிச் சில விலங்குகளைச் சுடலாம். அப்போதே 17ஆம் பிரிவு சில நிபந்தனைகள் போட்டது. சக்கர வண்டியில் இருந்தபடி வேட்டையாடக் கூடாது. மோட்டார் வண்டியால் விலங்குகளை விரட்டவோ மிரட்டவோ கூடாது. சிறப்பு அனுமதி இல்லாமல் செயற்கை விளக்கைப் பயன்படுத்தக் கூடாது. அதாவது கொல்ல லைசென்ஸ் கொடுத்த சட்டமே, 'ஜீப்பும் லைட்டும் மட்டும் கூடாது' என்றது. 1991 திருத்தத்தில் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. காரணம், மனித உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர வேட்டையே கூடாது என்று வந்துவிட்டதால், எப்படி வேட்டையாடலாம் என்று சொல்லும் பிரிவுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

வண்டி ஆர்வலர்கள் கவனிக்க வேண்டியது 39ஆம் பிரிவு. குற்றத்துக்குப் பயன்பட்டுப் பிடிபட்ட வண்டி, குற்றம் நிரூபணமானால் மாநில அரசின் சொத்து. ஆசை ஆசையாக இரண்டு லட்சம் செலவு பண்ணிப் பூட்டிய வண்டி வனத்துறை அலுவலக வாசலில் துருப்பிடித்து நிற்கும்.

"இதெல்லாம் ஏட்டில்தான்" என்பவர்களுக்கு: 1998ல் ஜோத்பூர் பக்கம் வெளிமான்களைச் சுட்ட வழக்கில் ஒரு பிரபல இந்தி நடிகருக்கு, 20 வருடம் கழித்து 2018 ஏப்ரலில் விசாரணை நீதிமன்றம் ஐந்து வருடச் சிறை விதித்தது. மேல்முறையீடு, ஜாமீன் எல்லாம் இருந்தாலும், 20 வருடம் ஒரு வழக்கு விடாமல் துரத்தியது உண்மை. அந்த வழக்கிலும் ஒரு ஜிப்சி வருகிறது!

வண்டியை மாற்றுவதற்கும் சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பாளரின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. வண்டியின் முன்னால் சர்ச் லைட், ஸ்பாட் லைட் பொருத்துவதை மத்திய மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. பதிவு அதிகாரி விசேஷக் காரணத்துக்கு அனுமதித்தால் தவிர. இரும்பு பம்பர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அதற்குக் காரணம் காடு இல்லை. அந்த பம்பர் நடந்து போகிறவரை மோதினால் சாதாரண பம்பரை விட மோசமாகக் காயப்படுத்தும். மோதலின் வேகத்தை உள்வாங்கி நொறுங்க வேண்டிய பாகத்தை நொறுங்க விடாமல் தடுத்து, வண்டிக்குள் இருப்பவருக்கும் கெடுதல் செய்யும். குரோம்பேட்டை சிக்னலில் யானை வராது. ஸ்கூட்டியில் ஸ்கூல் பிள்ளைகள் வருவார்கள்.

சரி, அந்த வண்டியை எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

இதுதான் எல்லோரும் மறந்துவிடும் கேள்வி. தமிழ்நாட்டின் காப்புக் காடுகளில் நம் சொந்த வண்டியை விட்டு இஷ்டத்துக்கு ஓட்ட அனுமதி கிடையாது. முதுமலையில் காட்டைச் சுற்றிப் பார்க்க வனத்துறை வண்டியில்தான் ஏற வேண்டும். நம் வண்டி வரவேற்பு மையத்தின் வாசலில் நிற்கும். முதுமலையை ஒட்டியிருக்கும் பந்திப்பூர் சாலையில் 2009ல் இருந்து இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. சத்தியமங்கலத்தில் பண்ணாரி சாலையிலும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022ல் இரவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. ராத்திரியில் லாரியும் காரும் மோதிச் செத்த மான்களும் சிறுத்தைகளும்தான் அந்தத் தடைகளுக்குக் காரணம்.

மிச்சம் இருப்பது தார் ரோடு. தார் ரோட்டில் போக வின்ச் எதற்கு? பஸ் போகிற ரோட்டில் பஸ்ஸே போகிறதே!

"அனுமதி வாங்கினா பிரச்னை, வாங்காம உள்ளே போனா த்ரில்" என்று சொல்பவர்கள் 2018 மார்ச் 11ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையில் இருந்து போனவர்களும் அதில் உண்டு. காட்டில் யார், எந்த வழியில், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு இருப்பது எவ்வளவு முக்கியம் என்று அந்த நாள் காட்டியது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். காட்டுக்குள் போக வேண்டும் என்ற ஆசை உண்மையாக இருந்தால் வழி இருக்கிறது. அந்த வழி காலால் போகிறது.

அப்படியும் வண்டி வேண்டுமா?

மலைக் கிராமங்களில் வேலை செய்பவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் போன்றோருக்கு நிஜமாகவே நல்ல வண்டி தேவை. அவர்களுக்காக, நான் படித்தும் மெக்கானிக்குகளிடம் கேட்டும் தெரிந்துகொண்டது:

1. எடை குறைவாக இருக்கட்டும். 1985ல் வந்த மாருதி ஜிப்சி 2019 வாக்கில் நின்றுவிட்டாலும் காட்டுக்காரர்கள் இன்றும் அதை விடாததற்குக் காரணம், அது கிட்டத்தட்ட ஒரு டன்தான். சேற்றில் புதைந்தால் நாலு பேர் தள்ளி எடுத்துவிடலாம். பெட்ரோல் இன்ஜின், சத்தமும் குறைவு. பெரிய வண்டி வாங்கி, அது புதையும் என்று பயந்து வின்ச் வாங்கி, வின்ச்சின் எடையால் இன்னும் புதைவது நல்ல வியாபாரம் இல்லை.

2. ஃபோர் வீல் இருந்தால் போதாது, லோ ரேஞ்ச் இருக்க வேண்டும். செங்குத்தான கல் பாதையில் பிரேக்கை நம்பாமல் கியரிலேயே மெதுவாக இறங்க அதுதான் உதவும். பழைய ஜிப்சி, பழைய மஹிந்திரா ஜீப், தார், 2023ல் வந்த ஜிம்னி எல்லாவற்றிலும் இது கிடைக்கும். ஜிம்னியின் தரை இடைவெளி 210 மி.மீ. நம் ஊர்ப் பாதைகளுக்குத் தாராளம்.

3. டயர் கம்பெனி கொடுத்த அளவிலேயே இருக்கட்டும். அகல டயர் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், பேரிங் தேயும், மைலேஜ் குறையும். சேறு, மணல் வந்தால் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினாலே பிடிமானம் கூடும். அதனால் காற்று அளக்கும் கருவியும் ஒரு சின்ன பம்பும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து எல்.இ.டி. வரிசையை விட மலிவு.

4. பழைய வண்டி என்றால் வாங்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். சொந்த வண்டியின் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வண்டி ஓடும் நிலையில் இல்லாவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பாஸ் ஆகாது. அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

5. உள்ளே இருக்க வேண்டியவை: நல்ல ஸ்டெப்னி, ஜாக்கி, மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க ஒரு கனமான பலகை, இழுக்கும் கயிறு, மண்வெட்டி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், தண்ணீர், குப்பையைத் திரும்ப எடுத்து வரப் பை.

6. கழற்ற வேண்டியவை: கூடுதல் விளக்கு, கூடுதல் ஹாரன், சத்தமான சைலன்சர், பாட்டுப் பெட்டி. விலங்கைப் பார்க்க வேண்டுமா? இன்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்காருங்கள். காட்டில் அதை விடச் சிறந்த கருவி கிடையாது.

இந்தப் பட்டியல் பார்க்க அழகாக இருக்காது. போட்டோவில் கெத்தாக வராது. ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்து சேரும்.

யாருக்கு எது வேட்டை?

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து இருளர்களும், நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களும் தலைமுறை தலைமுறையாகக் காட்டையும் வேட்டையையும் நம்பி வாழ்ந்தவர்கள். 1972 சட்டத்துக்குப் பிறகு அவர்களுடைய தொழில் குற்றமானது. பாம்புத் தோல் வியாபாரம் நின்றதும் இருளர்கள் 1978ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பிடித்த பாம்பில் விஷம் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். மருந்து செய்ய அந்த விஷம் போகிறது. பரம்பரைத் தொழிலையே மாற்றிக்கொண்டார்கள்.

சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தேவைதான். ஆனால் ஏரிக்கரையில் முயலுக்குக் கண்ணி வைத்தவன் பிடிபட்டால், 'வேட்டைக்காரன் கைது' என்று பெட்டிச் செய்தி. சர்ச் லைட்டோடு ஜீப்பில் ராத்திரி முழுக்கக் காட்டோர ரோட்டில் மானைத் துரத்தியவனுக்கு 'சாகசப் பயணி' என்று பட்டம். முதல் ஆள் வயிற்றுக்காகப் போனான். இரண்டாவது ஆள் எதற்காகப் போனான்? எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் எனக்கு வழக்கே இல்லை.

கணக்கும் போட்டுவிடலாம்

சென்னையில் இருந்து ஊட்டி சுமார் 550 கி.மீ. போக வர 1100. ஜிப்சி லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தால் 110 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 11,000 ரூபாய், பெட்ரோலுக்கு மட்டும். சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ். மீதிப் பணத்தில் ஒரு நல்ல பைனாகுலர் வாங்கலாம். வண்டியை விட அது காட்டை அதிகம் காட்டும்.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். திருநீர்மலை, பல்லாவரம், தாம்பரம்வாசிகளான நமக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. மேடவாக்கம் பக்கத்தில் நன்மங்கலம் காப்புக் காடு, சுமார் 320 ஹெக்டேர். கொம்பன் ஆந்தைகளுக்குப் பேர் போனது. 2022ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம், குளிர்காலத்தில் பறவைகளின் திருவிழா. கிண்டி தேசியப் பூங்கா முன்பு கவர்னர் மாளிகையின் வேட்டைக் காடாக இருந்த இடம். 1978ல் தேசியப் பூங்கா ஆனது. ஜோத்பூர் வழக்கில் சொன்னேனே, அதே வெளிமான்கள் நகரத்துக்கு நடுவில் இங்கே மேய்கின்றன. வேட்டைக் காடே பூங்காவாக மாறிவிட்டது என்றால், வேட்டை வண்டியும் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் இல்லையா?

நம் திருநீர்மலை ஏரிக்கரையிலேயே காலை ஆறு மணிக்குப் போய் அரை மணி நேரம் சத்தம் போடாமல் நின்று பாருங்கள். நாரை, கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் வரும். ஏரி வருடா வருடம் சுருங்குவதும் கண்ணுக்குத் தெரியும். காட்டுயிர் மேல் நிஜமான அக்கறை இருப்பவன் முதலில் கவலைப்பட வேண்டியது அந்தச் சுருக்கத்தைப் பற்றித்தான். அதற்கு ஃபோர் வீல் தேவையில்லை. ஒரு ஜோடி செருப்பு போதும்.

எனவே என் கட்சி இதுதான்: வண்டி வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மலை ரோட்டில் ஓட்டுவது சந்தோஷம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு வேட்டை வண்டி வேஷம் போடாதீர்கள். காட்டின் வாசலில் நிறுத்துங்கள். சாவியை எடுங்கள். இறங்குங்கள். அங்கிருந்து உள்ளே போக அனுமதி இருந்தால் நடந்து போங்கள், இல்லை வனத்துறை வண்டியில் போங்கள். அனுமதி இல்லையா, வாசலிலேயே நின்று காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது வீடு. அடுத்தவர் வீட்டுக்குள் லைட் அடித்துக்கொண்டு வண்டியோடு நுழைகிறவரை நம் ஊரில் விருந்தாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.